வீட்டார் கையால் முதல் மணி

சவேரியார்புரத்தில் அமிர்தராஜ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாடு வைத்திருந்தவர், அவரைப் பால்கார அமிர்தராஜ் என்றார்கள். இன்னொருவரை, மனுஷன் முழுசாக எதிரே நடந்து வரும்போதே, செத்த அமிர்தராஜ் என்றார்கள். உத்தமபாளையம் பஸ்ஸில் கண்டக்டர்கூட, "செத்தவரு ஏறிட்டாரா? ரைட்" என்று விசில் ஊதுவார். அவருக்கு அதில் கோபமே கிடையாது. "செத்தவனுக்கு டிக்கெட் எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டு, சில்லறையையும் சரியாக எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அவர் செத்தது 1944-ல். அதாவது, ஊரைப் பொறுத்தவரை.

கல்யாணமான கையோடு பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிச் சிங்கப்பூர் போனவர். போன வேகத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. இவரும் கூடவே போனார். பெயர் தெரியாத ஏதோ ஒரு தீவுக்கு, விமானம் இறங்கத் திடல் வெட்டுவதற்காக இழுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு வந்தது, ஆளைக் காணவில்லை என்ற தந்தி ஒன்றுதான்.

சவேரியார்புரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் யாராவது இறந்தால் கோயில்பிள்ளை துக்க மணி அடிப்பார். வெளியூரில் இறந்து உடல் வந்து சேராவிட்டால் மட்டும், முதல் மணி அந்த வீட்டார் கையால்தான் விழ வேண்டும். அவர்கள் கயிற்றை இழுக்காதவரை அவன் ஊர்க்கணக்கில் உயிரோடு இருப்பவன். சாமியாரே வந்து சொன்னாலும் அவனுக்கு இறந்தோர் பூசை கிடையாது. மலையேறி ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் போனவர்கள் திரும்பி வராமலே போன காலத்தில் ஏற்பட்ட வழக்கமாக இருக்க வேண்டும். யாரும் அவசரப்பட்டு யாரையும் சாகடித்துவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தியிருப்பார்கள். அது எவ்வளவு பெரிய பாரம் என்பது கயிற்றைப் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு அமிர்தராஜின் அப்பா கயிற்றை இழுத்தார். கோயில் நடுவில் சவம் வைக்கும் தூம்பாவை வெறுமையாக வைத்து, உள்ளே பிணம் இருப்பது போலவே கறுப்புத் துணி போர்த்தி, சுற்றி மெழுகுவத்தி ஏற்றிப் பூசை வைத்தார்கள். லூர்து மேரி தாலியைக் கழற்றினாள். அவளுக்கு அப்போது இருபது வயது. கூடப் பிறந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சின்னமனூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து, 1946 தொடக்கத்தில் கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் திருநீற்றுப் புதன் வந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கும் நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்று தள்ளி வைத்தார்கள். அந்தத் தபசு காலத்தில்தான், எலும்பும் தோலுமாக, கையில் ஒரு தகரப் பெட்டியோடு அமிர்தராஜ் வந்து இறங்கினார்.

"கர்த்தர் நாப்பது நாள் நோன்பு இருந்தது எனக்காகத்தான்" என்று பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். லூர்து மேரி சிரிக்க மாட்டாள். அவருடைய அப்பாவும் சிரித்ததில்லை. மகன் திரும்பி வந்த நாளிலிருந்து அந்த மனுஷர் மகன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், தலை நிமிராது. வலது கையை மடியில் மறைத்தே வைத்திருப்பார். சாகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கயித்த நான் தொட்டிருக்கக் கூடாதுப்பா."

ஆகஸ்ட் பதினைந்து அந்த ஊருக்கு இரட்டைத் திருநாள். பரலோக மாதாவுக்குத் தேர், கோயில் முற்றத்தில் தேசியக் கொடி. பூசை முடிந்து கொடியேற்றியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால் அமிர்தராஜ் பேச வேண்டும். அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வீரணனைப் பற்றித்தான் பேசுவார். மயிலாடும்பாறைக்காரன், ஒரே கம்பெனி, ஒரே கொட்டடி. அமிர்தராஜ் காய்ச்சலில் கிடந்தபோது தன் பங்குக் கஞ்சியை அவர் வாயில் ஊற்றியவன். இவர் எழுந்து உட்கார்ந்தார், அவன் படுத்துவிட்டான். மண்வெட்டி பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல், கையாலேயே பறித்து அவனைப் புதைத்தார்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்தவனுக்கும் நம் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தலைமை ஆசிரியர் ஒரு தடவை கேட்டுவிட்டார். படித்தவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். எனக்கு முன்னால ஒருத்தன் செத்தான், அதனால நான் இங்கன நிக்கிறேன். நீங்க நிக்கிறதுக்கும் எவனாவது செத்திருப்பான். அவனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு மிட்டாயத் தின்னா என்ன?" என்றார் அமிர்தராஜ். கல்லறைத் திருநாளிலும் ஊரார் அவரவர் வீட்டுக் கல்லறையில் வத்தி ஏற்றிக்கொண்டிருக்க, இவர் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் வீரணனுக்கு ஒன்று ஏற்றுவார். அவன் வேதத்தில் சேராதவனாயிற்றே என்று முனகியவர்களை அவர் சட்டை செய்ததில்லை.

ஊர் திரும்பிய மறுமாதமே மயிலாடும்பாறைக்குப் போய் வீரணனின் தாயாரைப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி. "நீ கண்ணால பாத்தியாய்யா?" பார்த்தேன், என் கையால்தான் மண்ணுக்குள் வைத்தேன் என்றார். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தவன் ஒருத்தன் வந்து சொன்னியே, அது போதும். இனிமே வாசலப் பாக்க மாட்டேன்" என்று சொல்லி, அவருக்குச் சோறு போட்டாள்.

அமிர்தராஜுக்கு ஒரே மகன், ஆரோக்கியசெல்வம். ஆகஸ்ட் பதினைந்துதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து வீரணன் கதையை வாய் பிளந்து கேட்டவன். மற்ற பிள்ளைகள் மிட்டாயைத் தின்றுவிட்டுக் கதையை மறந்துபோனார்கள். இவன் மறக்கவில்லை. படிப்பு முடிந்ததும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து சொன்னான். லூர்து மேரி புருஷனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைய நம்ம வீட்டுப் பிள்ள கேட்டுப்புட்டான். இப்பச் சந்தோசமா ஒங்களுக்கு?" என்றாள். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

1970-ல் விடுப்பில் வந்தபோது கெங்குவார்பட்டியிலிருந்து அமுதாவைக் கட்டி வைத்தார்கள். குழந்தை குட்டி இல்லை, அதற்கெல்லாம் நேரமே இருக்கவில்லை. மறு வருஷம் டிசம்பரில் சண்டை வந்தது. கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. தபால்காரர் படித்துக் காட்டினார். காணவில்லை, இறந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது.

"நம்பப்படுதாம்ல, யாரு நம்புறா?" என்று தபால்காரரையே கேட்டார் அமிர்தராஜ். பாவம், அவர் என்ன செய்வார்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மதுரைக்குப் போய் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், காபிகூட வாங்கிக் கொடுத்தார்கள். மேலே எழுதிக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதில். இருட்டில் ஓர் ஆற்றைக் கடந்தார்கள், விடிந்து பார்த்தபோது சில பேர் இல்லை, ஆரோக்கியசெல்வமும் இல்லை. விழுந்ததைப் பார்த்தவர் யாரும் கிடையாது.

ஊருக்கு மனசு தாங்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளை நாட்டுக்காக உயிரைக் கொடுத்திருக்கிறான், கோயில் முற்றத்தில் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் அவன் பேருக்கு ஒரு கல் நட வேண்டும் என்று தலைமை ஆசிரியரும் இளைஞர்களும் கிளம்பினார்கள். நல்ல மனுஷர்கள். கல்லுக்குச் சொல்லியும்விட்டார்கள். கேட்க வந்தபோது அமிர்தராஜ் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். நான் கயித்தத் தொடுறேன். அதுக்கப்புறம் கல்லு நடுங்க, மண்டபமே கட்டுங்க" என்றார்.

"அண்ணே, ஊரு ஒங்களுக்கு நன்றி செய்யத்தானே நெனைக்குது."

"எம்மகன் உசிரோட இருந்தா அவனுக்கு அது நன்றியா சார்?"

கல் கோயில் பின்சுவரில் பேர் வெட்டாமல் சாய்ந்து கிடந்தது. வருஷாவருஷம் ஆகஸ்ட் பதினைந்து வரும்போது தலைமை ஆசிரியர் ஒரு தடவை அமிர்தராஜின் முகத்தைப் பார்ப்பார். இவர் வேறு பக்கம் பார்ப்பார். வீரணன் கதையையும் நிறுத்திவிட்டார். வாய் திறந்தால் முன்வரிசையில் எவன் உட்கார்ந்து கேட்கிறானோ என்று பயம்.

வெளியே சமாளித்தவரால் வீட்டுக்குள் சமாளிக்க முடியவில்லை. லூர்து மேரிக்கு வேறு பயம். மகன் செத்திருந்தால், பாவக்கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறான். அவன் பேருக்கு ஒரு பூசை இல்லை, ஒரு வத்தி இல்லை. பெற்றவளே தண்ணீர் கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.

"ஒரு பூசை வைப்போங்க. உசிரோட இருந்தான்னா அது வேற யாருக்காவது போய்ச் சேரட்டும்."

"பூசை வைக்கணும்னா மணி அடிக்கணும்."

"ஒங்களுக்கும்தான் மணி அடிச்சாக. நீங்க செத்தா போனீக?"

"நான் சாகல. எங்கப்பாரு செத்துட்டாரு" என்றார். வருஷங்கள் இப்படியே போயின. 1978-ல் மஞ்சள் காமாலையில் படுத்தவள், சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் வாங்கிய பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போய்ப் பாக்குறேன். அவன் அங்கன இருந்தா எப்பிடியாவது சொல்லி அனுப்புறேன்" என்றாள். எதுவும் வரவில்லை. அவர் உண்மையிலேயே எதிர்பார்த்தார் என்பதுதான் கொடுமை.

அதற்கப்புறம் வீட்டில் அவரும் மருமகள் அமுதாவும்தான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். காலையில் இவருக்குச் சுடுதண்ணீர் வைத்துவிட்டு, சமைத்து மூடிவிட்டுப் போவாள். கழுத்தில் தாலி, அதில் சிலுவை. ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாழாத புருஷனுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

1982-ல் ஆடி கழிந்ததும் அவளுடைய அண்ணன் ஏசுதாசன் வந்தான். போடி தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், முதல் சம்சாரம் தவறிப்போனவர், அமுதாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்றான்.

"சாமியாருகிட்டக் கேட்டேன் மாமா. புருசன் செத்துட்டாருன்னு ஆயரு தீர்த்துச் சொல்லணுமாம். ஆபீசுத் தந்தி மட்டும் பத்தாது, வீட்டுக்காரக என்ன நம்புறாகன்னு எழுதிக் கேப்பாகளாம். வீட்ல இன்னும் மணியே அடிக்கலைன்னா ஆயரு எப்பிடி ஒத்துக்குவாகன்னு சாமியாரு கேக்குறாக. எல்லாம் ஒங்க ஒரு வார்த்தையிலதான் நிக்குது." பிறகு தயங்கிச் சொன்னான். "அவளுக்கு முப்பத்தொண்ணு ஆயிருச்சு மாமா."

அன்று சாயங்காலம் அமுதாவைக் கூப்பிட்டு, "ஒனக்குச் சம்மதமாத்தா?" என்று கேட்டார்.

"நானாக் கேட்டேன்னு இருக்கக் கூடாது மாமா" என்றாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அது அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவர் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் மகனைச் சாகவிடாமல் வைத்திருந்தது இந்தப் பெண்ணின் ஆயுசை எடுத்துத்தானே?

படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தத் தபசு காலம் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் லூர்து மேரி சின்னமனூர்க்காரன் பெண்டாட்டி. தகரப் பெட்டியோடு வந்து நின்றிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? கொட்டடியில் கிடந்தபோது, அவள் எங்கேயாவது பசியில்லாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. நிஜமாகத்தான் வேண்டினார். ஆனால் பசியோடு கிடப்பவன் வேண்டுவது வேறு, திரும்பி வந்தவன் கேட்பது வேறு. செல்வம் வந்தால் எதைக் கேட்பான்? பெற்ற மகன்தான், ஆனாலும் அவன் மனசு எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு நாள், மழை விட்ட காலையில், சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மணிக்கூண்டின் அடியில் கோயில்பிள்ளை கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அமுதா முக்காடு போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். கயிறு மழையில் நனைந்து சில்லென்று இருந்தது. அவர் அப்பா பிடித்த கயிறு எப்போதோ இற்றுப்போயிருக்கும், ஆனால் மணி அதேதான். பார்த்தவன் எவனாவது இந்த நிமிஷம் ஓடி வந்து சொல்லிவிட மாட்டானா என்று தெருவைப் பார்த்தார். பால்கார அமிர்தராஜ் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். வேறு யாரும் வரவில்லை.

"செல்வம், நான் பாக்கலடா. எனக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இழுத்தார்.

மணி விழுந்ததும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவர் கயிற்றைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, தன் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். வைத்த பிறகுதான், இது அப்பா செய்தது என்று உறைத்தது. வெறும் தூம்பாவுக்குக் கறுப்புத் துணி போர்த்திப் பூசை வைத்தார்கள். சாமியார் எழுதிக்கொண்டு வந்த சொற்களுக்குக் கீழே, என் மகன் இறந்துவிட்டான் என நம்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அந்த நம்பிக்கையும் கடைசியில் அவர் தலையில்தான் விழுந்தது.

ஆயரிடமிருந்து உத்தரவு வந்து, தை மாதத்தில் போடியில் அமுதாவுக்குக் கல்யாணம் நடந்தது. புறப்படும் காலையில் அவர் காலில் விழுந்தாள்.

"மாமா… ஒருவேள அவுக வந்துட்டா…"

"வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன் தாயி. அது ஒனக்கில்ல. நீ போ."

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை வருஷத்து அழுகையையும் வாசற்படியிலேயே அழுதுவிட்டு பஸ் ஏறினாள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்குக் கல் நிமிர்ந்தது. 'தாய்நாட்டுக்காக உயிர் ஈந்த ஆரோக்கியசெல்வம்' என்று அழகாக வெட்டியிருந்தார்கள். அமிர்தராஜைத்தான் கொடியேற்றச் சொன்னார்கள். ஏற்றினார். பிள்ளைகள் வரிசையாக வந்து கல்லின் முன்னால் பூ வைத்தார்கள், ஒரு சிறுமி மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மகனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு விம்மியது, அதை மறைக்க வேண்டியதில்லை. "வீரணன் கதையச் சொல்லுங்கண்ணே" என்றார் தலைமை ஆசிரியர். அமிர்தராஜ் முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார். "மிட்டாயக் குடுங்க சார் மொதல்ல" என்றார்.

மிட்டாய் கொடுத்து முடித்தபோது உத்தமபாளையம் பஸ் வந்து நின்றது. பட்டாளத்துப் பச்சை உடுப்புப் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, மேலேயிருந்து கறுப்புப் பெட்டியை இறக்கினான். உயரமும் தோளும் அப்படியே.

"மாதாவே, அவனா இருக்கக் கூடாது" என்று அமிர்தராஜின் வாய் சொல்லிற்று.

சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவன் திரும்பினான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, யாரோ ஒரு பையன். நேரே அவரிடம் வந்தான்.

"ஐயா, பொட்டிப்புரம் போகணும். பஸ்ஸுல தூங்கிட்டேன். இங்கனயிருந்து வண்டி கெடைக்குமா?"

எந்த வண்டியில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று அவர் சொன்னார். அவன் கண் கல்லின் மேல் போயிற்று. படித்தான். பெட்டியைக் கீழே வைத்து, விறைப்பாக நின்று, கல்லுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

"யாருங்கய்யா இவுக?"

"எம்மகன்."

"ஒங்களுக்குப் பெரிய மனசுங்கய்யா. ஒங்கள மாதிரி பெத்தவக இருக்கிறதாலதான் நாங்க தைரியமா நிக்கிறோம்" என்றான். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்ததும் அமிர்தராஜ் கோயிலுக்குள் போனார். தேரில் ஏற்றுவதற்காகப் பரலோக மாதாவைப் பூ அலங்காரத்தோடு இறக்கி வைத்திருந்தார்கள். மகனைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று பன்னிரண்டு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. வழக்கம் போல முழந்தாளிட்டார், கை குவித்தார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. தேர் தூக்குகிறவர்கள் வந்து, "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று சொல்லும்வரை அப்படியே இருந்தார்.